தாமரை, அல்லி விதைகள்: நீரில் பரவும் விதமும் முளைக்க வைக்கும் முறையும்

நாட்டு மருந்துக் கடையில் தாமரை விதை வாங்கி ஊறப்போட்டு, ஒரு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர். அல்லிக் காயைப் பறித்து, கத்திரி விதையைப் போல வெயிலில் உலர்த்தித் தாளில் மடித்து வைத்து, பிறகு விதைத்து ஏமாந்தவர்களும் உண்டு. இரண்டு இடத்திலும் தவறு ஒன்றுதான். தோட்டத்து விதைக்குச் செய்வதையே குளத்து விதைக்கும் செய்துவிடுகிறோம்.

ஒரு நீர்ச்செடி தன் விதையை எப்படி வெளியே அனுப்புகிறது, அந்த விதை எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தாலே அதை முளைக்க வைக்கும் வழி பிடிபட்டுவிடும். தாமரை விதை சேற்றில் நெடுங்காலம் காத்திருக்கும்படி அமைந்தது. அல்லி விதை சில நாள் மிதந்து போய் இன்னொரு கரையில் இறங்கும்படி அமைந்தது. வெங்காயத்தாமரைக்கு விதை இரண்டாம் பட்சம். அது ஓடுதண்டை நம்பிப் பரவுகிறது. ஒன்றுக்குச் செய்யும் பக்குவம் இன்னொன்றுக்கு ஆகாது.

தாமரைப் பூவுக்குள் நடப்பது

தாமரைப் பூவின் ஆயுள் 3 அல்லது 4 நாள். முதல் நாள் காலையில் பூ முழுதாக விரியாது. மேலே சிறு வாய்போல மட்டும் திறக்கும். அன்று பூ பெண் நிலையில் இருக்கிறது. நடுவில் உள்ள, பிறகு விதை தாங்கும் மஞ்சள் பொகுட்டின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரிபவை மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள். அவை அன்று ஈரமாக, ஒட்டும் பதத்தில் பளபளக்கும். மகரந்தப் பைகள் இன்னும் வெடித்திருக்காது. பிற்பகலில் இதழ்கள் மீண்டும் குவிந்துவிடும். உள்ளே வந்த வண்டுகள் பல அன்றிரவு அங்கேயே தங்கும். மறுநாள் பூ அகல விரியும்போது மகரந்தப் பைகள் வெடித்திருக்கும். வண்டுகள் பொடி பூசிக்கொண்டு, அன்றுதான் வாய் திறந்த வேறொரு பூவுக்குப் போகும். அதற்குள் இந்தப் பூவின் சூல்முடி உலர ஆரம்பித்திருக்கும். தன் மகரந்தமே தன் சூல்முடியில் விழாமல் தாமரை தடுத்துக்கொள்ளும் வழி இது.

இதில் இன்னொரு அதிசயமும் உண்டு. தாமரைப் பூ தன் உடல் சூட்டைத் தானே சீராக வைத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் ரோஜர் சீமோர், பால் ஷுல்ட்ஸே-மோட்டல் இருவரும் அளந்து 1996-ல் வெளியிட்ட கணக்கு இது: வெளியே 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறி இறங்கினாலும், பூவுக்குள் 30 முதல் 36 டிகிரிக்குள்ளேயே இருந்தது. குளிர்ந்த இரவில் வண்டுக்கு அது கதகதப்பான அறை.

கையால் மகரந்தம் சேர்க்க நினைப்பவர்களுக்கு இதிலிருந்தே நேரம் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் நாள் பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, முதல் நாள் பூவின் சூல்முடிகளில் காலை 9 மணிக்குள் தடவுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் தொட வேண்டும். ஒவ்வொரு குழியிலும் தனித்தனிச் சூலகம் இருப்பதால், தொடாமல் விட்ட குழி காலியாகவே போகும். பொகுட்டில் பாதிக் குழி சூம்பிக் கிடந்தால் செடிக்கு நோய் என்று நினைக்க வேண்டாம். அங்கே மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான்.

பொகுட்டு கவிழும் வரை பொறுங்கள்

இதழ்கள் உதிர்ந்ததும் பொகுட்டு பச்சையாகப் பெருக்கும். ஒரு பொகுட்டில் பொதுவாக 15 முதல் 30 குழி இருக்கும். விதை முழுதாக முற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பச்சை விதை தின்பதற்கு இனிப்பாக இருக்கும்; முளைக்கப் போடுவதற்கு அது உதவாது. முற்றிய பொகுட்டு பழுப்பாகிக் காய்ந்து, குழிகளின் வாய் விரிந்து, குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும். காம்பு தளர்ந்து பொகுட்டு பக்கவாட்டில் சாயும், பிறகு தலைகீழாக நீரில் விழும். உள்ளே காற்றறைகள் நிறைந்திருப்பதால் அது தக்கைபோல மிதந்து காற்றடிக்கும் பக்கம் போகும். போகும் வழியில் விதைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். தாமரை விதை கனமானது, உடனே மூழ்கிச் சேற்றில் பதிந்துவிடும். தூரம் கடத்துவது பொகுட்டின் வேலை, காலம் கடத்துவது விதையின் வேலை.

எவ்வளவு காலம்? ஜப்பானில் சிபா நகரத்தின் கெமிகாவா என்னும் இடத்தில் 1951-ல் தாவரவியலாளர் இச்சிரோ ஓகா பழைய கரிப்படிவிலிருந்து 3 விதைகளை எடுத்தார். அவற்றில் ஒன்று வளர்ந்து 1952 ஜூலை 18 அன்று பூத்தது. அருகே கிடைத்த படகு மரத்தின் வயதைக் கொண்டு அந்த விதைக்கு சுமார் 2,000 ஆண்டு என்று மதிப்பிட்டார்கள். அது மறைமுகக் கணக்கு. சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் ஒரு பழைய ஏரிப் படுகையில் கிடைத்த விதையின் வயதையோ நேரடியாகவே அளந்தார்கள். ஜேன் ஷென்-மில்லர் குழுவினர் 1995-ல் வெளியிட்டபடி அது சுமார் 1,300 ஆண்டு பழையது, அதுவும் முளைத்தது.

இதற்குக் காரணம் மேலோடு. நாம் விதை என்று சொல்லும் கறுத்த மணி உண்மையில் ஒரு முழுக் கனி. அதன் ஓடு நீரையும் காற்றையும் உள்ளே விடாது. சேற்றில் உராய்ந்தும் அரிப்புற்றும் எங்காவது ஓடு மெலிந்தால்தான் தண்ணீர் நுழையும், அதன் பிறகுதான் முளை. அதனால்தான் வெறுமனே ஊறப்போட்ட விதை மாதக்கணக்கில் கல்லாகவே கிடக்கிறது. அந்த ஓட்டை நாமே திறந்துவிட வேண்டும்.

எந்த விதை முளைக்கும், எது முளைக்காது

கடையில் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். மாலை கட்டும் தாமரை மணி நடுவில் துளையிடப்பட்டது. உள்ளே இருக்கும் கரு அந்த ஊசியிலேயே போயிருக்கும். தோலுரித்து வெள்ளையாக விற்பதும் முளைக்காது; சமையலுக்கான அந்த விதையில் கசக்கும் என்று பச்சைக் குருத்தைப் பிடுங்கிவிடுவார்கள், குருத்துதான் கருவே. 'தாமரை விதைப் பொரி' என்ற பெயரில் வரும் வெள்ளைப் பொரியோ தாமரையே அல்ல. அது மக்கானா, பீகாரின் மிதிலைப் பகுதிக் குளங்களில் விளையும், இலையெல்லாம் முள் நிறைந்த வேறொரு செடியின் விதை. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

வேண்டியது ஓட்டோடு இருக்கும், துளையில்லாத, கறுப்பு அல்லது கரும்பழுப்பு விதை. நீள்உருண்டையாக, 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மூழ்குவதை எடுத்துக்கொள்ளுங்கள், மிதப்பது பெரும்பாலும் உள்ளே சூம்பியது.

முளைக்க வைக்கும் படிகள்

வேண்டியவை: 10 விதை, தச்சர்கள் பயன்படுத்தும் சொரசொரப்பான உப்புத்தாள் அல்லது அரம், ஒரு குறடு, வாயகன்ற கண்ணாடிப் பாத்திரம். எதுவும் இல்லையென்றால் சிமென்ட் தரையில் தேய்த்தாலும் ஆகும்.

1. விதையின் இரு முனையையும் கூர்ந்து பாருங்கள். ஒரு முனையில் சிறு கூர் இருக்கும். மறுமுனையில் குழி விழுந்த ஒரு வட்டம் தெரியும். தேய்க்க வேண்டியது குழி விழுந்த முனையை. கூர் முனைப் பக்கம் குருத்து இருப்பதால் அங்கே கை வைக்கக் கூடாது.

2. குறட்டால் இலேசாகப் பிடித்துக்கொண்டு தேயுங்கள். முதலில் கறுப்பு ஓடு போகும், அடுத்து பழுப்பு வரும், அதன்கீழ் வெளிர் சந்தன நிறம் தெரியும். ஒரு மிளகு அளவுக்குச் சந்தன நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தேய்த்தால் பருப்பு காயப்பட்டு அழுகும்.

3. வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். 25 முதல் 30 டிகிரி ஏற்றது. நம் ஊர் வெயில் காலத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீரே இந்தச் சூட்டில்தான் இருக்கும். ஆழம் 10 சென்டிமீட்டர் போதும்.

4. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். சரியாகத் தேய்த்த விதை ஏறக்குறைய இரண்டு மடங்காக உப்பியிருக்கும். உப்பாததை எடுத்து இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி போடுங்கள்.

5. தினமும் ஒரு முறை, வெயில் கடுமையானால் இரண்டு முறை, முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். தண்ணீர் பால்போல் கலங்கி நாறினால் எந்த விதை கொழகொழத்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்து அதை உடனே எறியுங்கள். ஒன்று அழுகினால் அதே பாத்திரத்தில் இருக்கும் மற்றவற்றையும் கெடுக்கும்.

6. பெரும்பாலும் 4 முதல் 7 நாளில், ஓட்டைப் பிளந்துகொண்டு, மடிந்த கொக்கிபோல் பச்சைக் குருத்து வரும். ஓட்டை உரித்து உதவலாம் என்று தோன்றும், உரிக்காதீர்கள். பருப்பில் இருக்கும் சத்துதான் அடுத்த சில வாரங்களுக்கு அதன் சாப்பாடு.

மற்ற விதைகளில் முதலில் வேர் வரும், பிறகு இலை. தாமரையில் இலை முந்திக்கொள்ளும். வேர் இன்னும் வரவில்லையே என்று கவலைப்பட்டு உடனே மண்ணில் புதைப்பவர்கள் பலர். புதைத்தால் அழுகுவதற்கே வாய்ப்பு அதிகம். 3 அல்லது 4 இலை வந்து, கணுவில் வெள்ளை வேர் ஒரு விரல்நீளம் தொங்கும்வரை, அதாவது 2 முதல் 4 வாரம், அது தண்ணீரிலேயே இருக்கட்டும். பாத்திரத்தை நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். நிழலில் வைத்தால் காம்பு நூலாக நீண்டு ஒடியும்.

தொட்டியில் நடுவது

மண் விஷயத்தில் சமரசம் வேண்டாம். களிமண் அல்லது குளத்து வண்டல் மட்டும். தென்னைநார்க் கழிவு, இலைமக்கு, மண்புழு உரம் கலந்த செடிமண் எதுவும் கூடாது. நார் மிதக்கும், மக்காத இலைதழை நீரடியில் காற்றில்லாமல் நொதித்து வேரைச் சுட்டுவிடும். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கக் கூடாது. வட்டத் தொட்டிதான் நல்லது. தாமரையின் ஓடுதண்டு சுவரை ஒட்டியே சுற்றி ஓடும் பழக்கமுள்ளது. சதுரத் தொட்டியின் மூலையில் நுனி முட்டி மடங்கினால் வளர்ச்சி நின்றுபோகும்.

நாற்றுக்கு 40 முதல் 50 சென்டிமீட்டர் அகலத் தொட்டி, 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண். வேரை மட்டும் மண்ணில் பதித்து, விதை மேலே தெரியும்படி வைத்து, மிதக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லைத் தண்டோரம் சாய்த்து வையுங்கள். ஆரம்பத்தில் மண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர். இலை பெருக்கப் பெருக்க 15 சென்டிமீட்டர் வரை ஏற்றலாம். தினம் 6 மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் தாமரை நடவே வேண்டாம். இலை வரும், பூ வராது.

முதலில் வரும் இலைகள் காசுபோல நீரில் மிதப்பவை. பிறகுதான் நீரைவிட்டு எழுந்து நிற்கும் இலை வரும். அந்த எழுந்த இலை ஒன்றாவது வரும்வரை உரம் போடக் கூடாது. நாற்று சாவதற்கு முதல் காரணம் அவசர உரம்தான். இலை விளிம்பு கருகுவது அதற்கு அடையாளம். அப்படிக் கண்டால் தண்ணீரை இரண்டு மூன்று முறை முழுதாக மாற்றுங்கள். எழுந்த இலை வந்தபின் 20 லிட்டர் மண்ணுக்கு சுமார் 5 கிராம் டிஏபி உரத்தைத் தாளில் பொட்டலம் கட்டி, செடியிலிருந்து தள்ளி, தொட்டி ஓரமாக ஆழத்தில் அழுத்திவிடுங்கள். மாதம் ஒரு முறை போதும். தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து.

கொசுவுக்கு இரண்டு மூன்று கப்பி மீன் விடலாம், ஆனால் வெளிநீரோடு சேராத தொட்டியில் மட்டும். அந்த மீன் வெளிக் குளத்துக்குப் போகக் கூடாது. இளந்தண்டில் அசுவினி அடைந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். எண்ணெய் கலந்த பூச்சிமருந்தை உச்சி வெயிலில் தெளித்தால் தாமரை இலை வெந்துபோகும்.

விதையிலிருந்து வரும் செடி தாயைப்போலவே பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுக்கு ரகத்தின் விதை ஒற்றை அடுக்காகவும் பூக்கலாம், நிறமும் மாறலாம். அதே பூ வேண்டுமென்றால் கிழங்குதான் வழி.

கிழங்கிலிருந்து

வெயிலும் குளிரும் மாறிவரும் நாடுகளில் பகல் குறுகும்போது தாமரையின் ஓடுதண்டு நுனி பருத்துக் கிழங்காகும், குளிர் முடிந்ததும் அதிலிருந்து செடி எழும். நம் ஊர் நாட்டுத் தாமரை ஆண்டு முழுதும் ஏதோ ஓரளவு வளர்ந்துகொண்டே இருப்பதால் பருத்த கிழங்கு குறைவு, விரல் கனத் தண்டுகளே அதிகம். அவற்றையும் நடலாம்.

துண்டில் 2 அல்லது 3 கணுவும், முறியாத நுனிக் குருத்தும் இருக்க வேண்டும். அந்தக் குருத்து கை பட்டாலே ஒடியும். ஒடிந்தால் அந்தத் துண்டின் கதை பெரும்பாலும் முடிந்தது. கணுவை ஒட்டி வெட்டாமல் இரு கணுவுக்கு நடுவே வெட்டுங்கள். தண்டுக்குள் நீளவாக்கில் குழாய்கள் ஓடுகின்றன, கணுதான் அவற்றை அடைக்கும் தடுப்பு. கணு போய்விட்டால் சேற்றுநீர் உள்ளே ஏறித் தண்டு முழுவதும் அழுகும். துண்டைப் படுக்கைவாக்கில், நுனி இலேசாக மேல்நோக்கியபடி, தொட்டியின் ஓரத்தில் தொடங்கி நடுப்பக்கம் பார்க்க வைத்து, 5 முதல் 8 சென்டிமீட்டர் சேறு மூடுங்கள். நுனி மட்டும் வெளியே தெரியட்டும்.

அல்லி: மூழ்கிப் பழுத்து, மிதந்து போகும் காய்

அல்லியில் பல வகை. நம் குளங்களில் பரவலாகக் காண்பவை இரண்டு. ஒன்று பகலில் விரியும் நீலமும் வெண்ணீலமுமான நெய்தல். இன்னொன்று மாலைக்குப் பிறகு விரிந்து மறுநாள் முற்பகலில் குவியும் ஆம்பல், வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கும். முதல் நாள் பூவின் நடுக் கிண்ணத்தில் சிறிது திரவம் தேங்கியிருக்கும். மகரந்தத்தோடு வரும் தேனீயோ ஈயோ வழுக்கி அதற்குள் விழும், மகரந்தம் திரவத்தில் கழுவப்பட்டு சூல்முடியைச் சேரும். சில பூச்சிகள் அதிலேயே மூழ்கிச் செத்தும் போகும். மறுநாளிலிருந்து திரவம் வற்றி, மகரந்தப் பைகள் திறக்கும்.

இதன் பிறகு அல்லி செய்வது தாமரைக்கு நேர் எதிர். கடைசியாகக் குவிந்த பூவைக் காம்பு வளைந்தோ சுருண்டோ நீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் நீரடியில், யார் கண்ணுக்கும் படாமல் முற்றும். சூடான பருவத்தில் 3 முதல் 4 வாரத்தில் அது பிளந்து, நூற்றுக்கணக்கான சிறு விதைகள் வழவழப்பான ஜவ்வுப் பையோடு கொத்தாக மேலே எழும். அந்தப் பையில் காற்று இருக்கிறது. ஒரு நாளோ சில நாளோ அவை அலைகளில் மிதந்து பரவும். பை கரைந்ததும் ஒவ்வொரு விதையும் இருந்த இடத்திலேயே மூழ்கும். மழைக்காலத்தில் ஒரு குளம் நிரம்பிக் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்குப் பாயும்போது, அல்லியும் அந்த ஓடையிலேயே ஊர் மாறுகிறது.

ஆகவே காய் பிளந்த பிறகு தேடினால் கிடைக்காது. பூ மூழ்கி ஒரு வாரம் கழித்துக் காய் கெட்டியாக உப்புகிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். உப்பினால் மெல்லிய வலைத்துணிப் பையைக் காய்மேல் மாட்டி, காம்பை நெரிக்காமல் நூலால் கட்டி, அடையாளத்துக்கு ஒரு தக்கையை இணைத்துவிடுங்கள். காய் கொழகொழத்து அழுகினால் சூல் பிடிக்கவில்லை. பூக்கடையிலும் நர்சரியிலும் விற்கும் கலப்பு ரகங்கள் பல மலடு. எத்தனை பூத்தாலும் காய்க்காது.

பையில் விதை விழுந்ததும் அப்படியே ஒரு பாட்டில் தண்ணீரில் கொட்டி நிழலில் வையுங்கள். நாள்தோறும் நீரை மாற்றினால் சில நாளில் ஜவ்வு கரைந்து விதை அடியில் தங்கும். மேலே மிதக்கும் குப்பையை வடித்துவிடுங்கள். ஜவ்வோடு வெயிலில் காயவைத்தால் எல்லாம் ஒட்டி அப்பளமாகிப் பூஞ்சை பிடிக்கும். உடனே விதைக்காவிட்டாலும் ஈரத்திலேயே வைப்பது பாதுகாப்பு.

விதைப்பு எளிது. அகலமான தட்டில் 5 சென்டிமீட்டர் களிமண்ணைக் குழைத்துப் பரப்பி, மேலே மெல்லிதாகக் கழுவிய மணல் தூவுங்கள். விதைகளைத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றிப் பரப்பி, மறுபடி சிட்டிகை மணலால் லேசாக மறைத்தால் போதும். ஆழப் புதைத்த விதை வராது. மேலே 3 சென்டிமீட்டர் தண்ணீர், நல்ல வெளிச்சம். இரண்டு மூன்று வாரத்தில் புல்நுனிபோல முளை தெரியும். முதல் இலைகள் நீருக்குள்ளேயே இருக்கும், கண்ணாடிபோல மெல்லியவை. மிதக்கும் இலை வந்து ஒரு ரூபாய்க் காசு அளவானதும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இந்தக் கட்டத்தில் நூற்பாசி படர்ந்து நாற்றை மூச்சுத் திணறடிப்பதுதான் பெரிய இடர். குச்சியால் சுற்றி எடுங்கள், மருந்து ஊற்றாதீர்கள். நத்தை ஒன்றே ஒன்று இருந்தாலும் ஒரே இரவில் தட்டைக் காலி செய்யும்.

சில அல்லிகள் விதைக்குக் காத்திருப்பதில்லை. இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் சிறு முடிச்சு விட்டு, அதிலிருந்தே குட்டிச்செடி முளைக்கும். அந்த இலையைக் காம்போடு கிள்ளி, முடிச்சு மண்ணைத் தொடும்படி ஈரக் களிமண்மேல் வைத்து இரண்டு விரல் தண்ணீர் நிறுத்தினால் வேர்விடும். முடிச்சு இல்லாத ரகத்தில் எவ்வளவு முயன்றாலும் இது வராது.

வெங்காயத்தாமரை ஏன் ஒழிவதில்லை

பலர் இதையே ஆகாயத்தாமரை என்பார்கள். தாமரைக்கும் இதற்கும் உறவில்லை. தென் அமெரிக்காவின் அமேசான் படுகையிலிருந்து அழகுக்காக உலகெங்கும் கொண்டுபோகப்பட்டது. ஒரு செடி பக்கவாட்டில் ஓடுதண்டு விடும், நுனியில் மகள்செடி, அதிலிருந்து பேத்தி. கழிவுநீரின் சத்தும் வெயிலும் சேர்ந்தால் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். பூ வாடியதும் பூத்தண்டு வளைந்து நீருக்குள் இறங்கி விதைகளைக் கொட்டும். அந்த விதை சேற்றில் 15 முதல் 20 ஆண்டு உயிரோடு கிடக்கும். நீர் வற்றி, சேற்றில் வெளிச்சம் பட்டு, மீண்டும் கொஞ்சம் தண்ணீர் வந்தால் முளைக்கும்.

ஆகவே இயந்திரத்தால் ஒரு முறை வாரிவிட்டுக் கைகழுவினால், அடுத்த மழைக்குப் பிறகு பச்சைப் போர்வை திரும்பும். வாரியபின் முதல் ஓராண்டு 10 நாளுக்கு ஒரு முறை கரையைச் சுற்றி வந்து, ஆழமில்லாத ஓரங்களில் தெரியும் நாற்றுகளைப் பூப்பதற்குமுன் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்கியதைக் கரைச்சரிவில் போடக் கூடாது, நீர் ஏறினால் திரும்பிப் போய்விடும். மேட்டில் குவித்து மக்கவிடுங்கள். சாக்கடை கலப்பது நிற்காத குளத்தில் எவ்வளவு பிடுங்கினாலும் அது தீராத வேலை.

மீன்தொட்டிச் செடிகளும் இதே வகை ஆபத்துதான். ஹைட்ரில்லாவின் ஒரு கணு உள்ள துண்டே புதுச் செடியாகும், அதோடு சேற்றுக்குள் சிறு கிழங்குகளையும் ஒளித்து வைக்கும். வாலிஸ்னேரியாவின் வழி இன்னும் நுட்பமானது. நீரடியில் கழன்ற ஆண்பூக்கள் குமிழிபோல மேலே வந்து மிதக்கும். நீண்ட காம்போடு மேற்பரப்பைத் தொடும் பெண்பூவைச் சுற்றி நீரில் ஒரு சிறு பள்ளம் உண்டாகும், ஆண்பூக்கள் அதில் சறுக்கி வந்து ஒட்டும். பிறகு காம்பு சுருண்டு காயை நீருக்குள் இழுக்கும். தொட்டி கழுவிய தண்ணீரை ஏரியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், செடிக்கு ஊற்றுங்கள்.

தூர்வாரிய குளத்தில் மீண்டும் கொண்டுவருவது

கோடையில் குளம் காய்ந்து வெடித்தாலும் கொட்டி என்னும் நீர்ச்செடியும் அல்லியும் நெய்தலும் செத்துப்போவதில்லை. கிழங்காகவும் விதையாகவும் மேல்வண்டலுக்குள் உறங்குகின்றன, மழை வந்ததும் எழுகின்றன. இது நம் குளங்களின் பழைய ஒப்பந்தம். இன்று அந்த மேல்வண்டலை இயந்திரம் ஓர் அடி விடாமல் வழித்தெடுத்து வயலுக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்புகிறது. குளத்தில் தண்ணீர் நிற்கிறது, ஒரு பூகூட இல்லை. நீர்க்கொள்ளளவு கூடியதே என்று மகிழும் நேரத்தில், பல தலைமுறை விதைச் சேமிப்பு லாரியில் ஏறிப் போயிருக்கிறது. இதைத் தவிர்க்கப் பெரிய செலவு எதுவும் இல்லை.

தூர்வாருமுன், சென்ற மழையில் அல்லியும் கொட்டியும் நின்ற மூலை எது என்று ஊர்ப் பெரியவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் கேட்டு அடையாளம் வையுங்கள். முடிந்தால் அந்த மூலையை வெட்டாமலே விடுங்கள். வெட்டியாக வேண்டுமென்றால், அங்கே மேல் 15 சென்டிமீட்டர் வண்டலை மட்டும் தனியே வழித்துக் கரையோர நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி வைத்து, வேலை முடிந்ததும் ஆழமில்லாத பகுதியில் திரும்பப் பரப்புங்கள். அந்த மண்ணில் வெங்காயத்தாமரை நின்றிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கரையைச் செங்குத்தாக வெட்டவிடாதீர்கள். குளத்தின் ஒரு பக்கமாவது மெல்லச் சரிந்து இறங்க வேண்டும். இளநாற்றுக்கு ஒரு சாண் ஆழமும் வெளிச்சமும் வேண்டும். சுவர்போல இறங்கும் கரையில் முளைக்க இடமே இல்லை.

விதைச் சேமிப்பு முழுதும் போய்விட்டது என்றால், அதே நீர்வரத்தில் உள்ள பக்கத்துக் குளத்திலிருந்து கிழங்கோ விதையோ கொண்டுவாருங்கள். இணையத்தில் விற்கும் கலப்பு ரகங்கள் பொதுக் குளத்துக்கு வேண்டாம். தொட்டியில் 5, 6 இலை வரை வளர்த்த நாற்றைக் களிமண் நிரப்பிய சணல் சாக்கில் வைத்து, அடியில் ஒரு கல்லும் கட்டி, கோடை முடிவில் முழங்காலுக்குக் கீழே நீர் நிற்கும் இடத்தில் இறக்குங்கள். சாக்கு மக்குவதற்குள் வேர் படுகையைப் பிடித்துவிடும். நீர் மெதுவாக ஏறினால் காம்பும் கூடவே நீளும், ஒரே இரவில் ஆளுயரம் ஏறினால் நாற்று மூழ்கிச் சாகும். அதனால் வரத்து வாய்க்காலின் வாய்க்கு எதிரே நடாமல் ஒதுக்குப்புறமாக நடுங்கள்.

தாமரையா அல்லியா என்று யோசித்து முடிவெடுங்கள். தாமரையின் ஓடுதண்டு ஒரே பருவத்தில் பல மீட்டர் போகும், சிறு குளத்தைச் சில ஆண்டுகளில் முழுதும் மூடிவிடும். குடிநீர் எடுக்கும் ஊருணியில் அதை நடவே கூடாது. சிறு குளத்துக்கு அல்லியும் கொட்டியும் போதும்.

செடி தின்னும் புல்கெண்டை மீன் விட்ட குளத்தில் எந்த நாற்றும் தேறாது. மீன் குத்தகைக்காரரிடம் முன்பே பேசுங்கள். எருமை இறங்கும் துறையிலிருந்து தள்ளி நட்டு, முதல் பருவத்துக்கு மட்டும் மூங்கில் குச்சியால் வேலி கட்டுங்கள். முதலாண்டு காய்க்கும் பொகுட்டையும் அல்லிக் காயையும் விற்பனைக்கோ பூசைக்கோ பறிக்காமல் நீரிலேயே விடச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் படுகை காயும்போது நாற்று வைத்த இடத்தில் ஒரு கைப்பிடி வண்டலை எடுத்து, ஒரு வாளியில் கரைத்து மெல்லிய சல்லடையில் வடித்துப் பாருங்கள். சல்லடையில் கடுகைவிடச் சிறிய கரும்பழுப்பு விதைகள் தங்கினால், அங்கே அல்லியின் சேமிப்பு மறுபடி தொடங்கிவிட்டது.